சீல் இல்லாத நாற்பத்திரண்டு கையெழுத்துகள்

கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் என் பேரன் கிஷோருக்குக் கொடுத்த தலைமைப் பண்பு உதவித்தொகை, கடப்பாக்கத்துப் பெண் ஒருத்தியிடமிருந்து நான் திருடியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பொத்தேரிப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அதே வகை உதவித்தொகை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் செய்தவனும் நான்தான். ஒரே ஆளை இரண்டு கண்டங்களில் ஏமாற்றும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியியல் கற்பித்த எனக்கு வாய்த்தது.

டொராண்டோவுக்கு அருகில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற வாரம் ஐந்து வயதுப் பேத்தி சட்டையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தாள். அன்று அவள் 'லைன் லீடர்' ஆம். வகுப்பிலிருந்து கழிப்பறைக்குப் பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது முன்னால் நடப்பவருக்கு அந்தப் பட்டம். மறுநாள் வேறொரு பிள்ளை நடக்கும். இந்த நாட்டில் தலைமை என்பது சளி மாதிரி, ஒரு சுற்று எல்லோருக்கும் வந்து போகிறது. நம் ஊர் வகுப்பில் லீடர் ஒருவன்தான். பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான், தன் பெயரை மட்டும் எழுதமாட்டான். நான் ஐந்தாம் வகுப்பில் லீடராக இருந்தேன். அந்தப் பழக்கம் பிறகும் விடவில்லை.

பொத்தேரியில் நான் துறைத் தலைவராக இருந்தபோது, புதிதாகச் சேரும் மாணவர்களில் தலைமைப் பண்பு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து நான்கு ஆண்டும் கட்டணமில்லாமல் படிக்கவைக்கும் திட்டம் ஒன்று வந்தது. நேர்காணல் குழுவுக்கு நான் தலைவர். பிள்ளைகள் ஃபைலோடு வருவார்கள். அபாகஸ், கராத்தே, யோகா, பேச்சுப்போட்டி என்று பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள் அடுக்கியிருக்கும். சில ஃபைல்களை மேசையில் வைத்தால் மேசை முனகும். அந்த வரிசையில் கௌசல்யா ஒரே ஒரு தாளோடு வந்தாள். நடுவில் மடித்த கோடுபோட்ட முழுத்தாள்.

கேட்டதற்குச் சொன்னாள். அவர்கள் குப்பத்துக்கு வந்துகொண்டிருந்த காலைப் பேருந்து திடீரென்று நின்றுவிட்டது. பதினோரு பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடும் நிலை. மீன்கார அம்மாக்களைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோக்காரரிடம் பேசி, திரும்பி வந்ததும் பிள்ளைகளுக்காக ஒரு நடை அடிக்கச் சம்மதிக்க வைத்தாள். ஆட்டோவில் மீன் நாற்றம் தாங்காது என்பதால் தினம் இரண்டு பேர் அதைக் கழுவ வேண்டும் என்று முறை வைத்தாள். அதற்கிடையில் திங்கட்கிழமைதோறும் பேருந்துப் பணிமனைக்கு மனு. நான்காம் மாதம் பேருந்து திரும்ப வந்தது. அந்தத் தாளில் இதையெல்லாம் நாலு வரியில் எழுதி, கீழே தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. நாற்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் கைநாட்டு.

நான் தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன். "சீல் எங்கேம்மா?" என்றேன்.

"சீலு இல்ல சார். எங்க தெருவுல அல்லாரும் போட்டுக் குடுத்தாங்க. அதான் கீது."

கதவைக் காட்டும் குரலில் நன்றி சொன்னேன். இடம், அடுத்து வந்த பையனுக்குப் போனது. அவன் ஃபைலில் முதல் சான்றிதழ், மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் நடந்த இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முகாமில் வாங்கியது. முகாமின் சிறப்பு விருந்தினர் நான். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு நூற்றுக்கணக்கான சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு, என் சீலையும் குத்தியிருந்தேன். நேர்காணலில் அந்தச் சீலைப் பார்த்ததும், நம்பகமான ஆளுடையது என்று எனக்குத் தோன்றியது.

ஏன் இப்படி ஆனேன் என்றால், மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாய்ந்த அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் மகன் நான். சாதிச் சான்றிதழில் ஒரு சீல் விழுவதற்காக அந்த ஊர்த் தாலுகா அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்தேன். சீல் விழுந்த பிறகுதான் கல்லூரி என்னைக் கண்ணால் பார்த்தது. அன்றிலிருந்து சீல் விழாத எதுவும் உலகத்தில் நடக்காதது என்று மனசில் பதிந்துவிட்டது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நேர்காணல் குழுவில் இருந்த மூன்று பேரில், கைநாட்டு வைக்கிறவர்களின் பிள்ளை நான் ஒருவன்தான். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியவனும் நான்தான்.

ஓய்வுபெற்றேன், மனைவி போய்விட்டாள், மகன் இங்கே அழைத்துக்கொண்டான். கிஷோர் பன்னிரண்டாம் வகுப்பு வந்தபோது பல்கலைக்கழகங்கள் தலைமைப் பண்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்டன. என் துறை ஆயிற்றே! அவன் மழலைப் பள்ளியில் வாங்கியது தொட்டு எல்லாவற்றையும் நகலெடுத்து, அதிகாரியின் சான்றொப்பம் வாங்க முடியவில்லையே என்ற வருத்தத்தோடு ஃபைலாக்கி, பள்ளியின் ஆலோசகரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மாள் பொறுமையாகப் புரட்டினார். பிறகு மிகுந்த பரிவோடு, குடியேற்றத் தாள்களுக்கு உதவுகிறவர் வியாழக்கிழமைதான் வருவார், கூடத்தின் கடைசி அறை என்றார். நான் விளக்கியதும் சிரித்துவிட்டு, சான்றிதழே வேண்டாம், பையன் செய்த ஒன்றை அவன் சொற்களில் ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றார். யார் சரிபார்ப்பார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "எழுதியிருப்பதை நம்புவோம்" என்றார்.

சீல் கேட்பவர்களிடம் உண்மை பேசியே பழகியவன் நான். சீலே கேட்காத இடத்தில் உண்மையும் தேவைப்படாது என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் பழுத்த ஒருவன்தான் இப்படியொரு தப்பைச் செய்ய முடியும்.

கிஷோர் எழுதியிருந்தது, பள்ளியில் குப்பை பிரிக்கும் குழுவில் இருந்ததைப் பற்றி. எனக்குச் சப்பென்றிருந்தது. அப்போதுதான் அந்த ஆட்டோ ஞாபகம் வந்தது. முந்தைய கோடையில் ஊருக்குப் போனபோது அவனை ஆலம்பரைக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போயிருந்தேன். கடப்பாக்கத்தில் மொத்தம் இரண்டு மணி நேரம் இருந்தான். கருவாட்டு வாசனைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே படம் எடுத்தான். அந்த இரண்டு மணி நேரத்தை இரண்டு மாதமாக நீட்டினேன். மனு எழுதினான், ஆட்டோவைக் கழுவினான், பேருந்தைக் கொண்டுவந்தான். "நான் இதெல்லாம் பண்ணலையே தாத்தா" என்றான். இருந்திருந்தால் பண்ணியிருப்பாய் என்றேன். பதினேழு வயதுப் பிள்ளை, பேராசிரியர் தாத்தா சொன்னதை நம்பிவிட்டான்.

உதவித்தொகை கிடைத்தது. ஆட்டோ கழுவிய பகுதி நெஞ்சைத் தொட்டதாகத் தேர்வுக்குழுவே கடிதத்தில் எழுதியிருந்தது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கான வரவேற்பு நாளில் அந்தக் கிராமத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அழைப்பும் வந்தது. கிஷோர் உரையைத் தயாரிக்க உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தான்.

"தாத்தா, நிஜமா இதைப் பண்ணின அந்த அக்கா பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நேர்காணல் தாளில் என் கையாலேயே மதிப்பெண் போட்ட பெயர். யோசித்துப் பார்த்தேன், சீல் இல்லாதது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. கிஷோர் மடிக்கணினியை மூடினான். மறுநாள் இருவருமாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். கதையை எழுதியவர் தாத்தா, ஒப்புக்கொண்டவன் நான் என்று கிஷோர் எழுதினான். நான் கேட்டும் அந்த இரண்டாம் பாதியை அவன் எடுக்கவில்லை. உதவித்தொகையை ரத்து செய்தார்கள், இடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இப்போது மாலை வேளைகளில் சூப்பர் மார்க்கெட் வாசலில் பனியில் கிடக்கும் தள்ளுவண்டிகளை வரிசையாகக் கோத்துத் தள்ளுகிறான். மகன் என்னிடம் பேசுவதை மருமகள் வழியாகப் பேசுகிறான்.

குளிர்காலத்தில் ஊருக்குப் போனேன். செங்கல்பட்டில் இறங்கியதும் முதலில் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'ஓய்வுபெற்ற துறைத் தலைவர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, நகலும் எடுத்து, இரண்டிலும் கையெழுத்தின் கீழ் அதைக் குத்திக்கொண்டுதான் கடப்பாக்கம் போனேன். பேருந்து நிறுத்தத்தில் நண்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் விசாரித்தேன்.

"ஆட்டோ கழுவ வச்சுதே, கௌசல்யாவா? இன்னா, பொண்ணு பாக்க வந்தியா? அது கல்யாணமே வோணான்னுகினு கீது. மதுராந்தகம் தாலுக்காபீசுல வேலையில கீது, அங்க போய்ப் பாரு."

ஒன்பது முறை நடந்த அதே அலுவலகம். பத்தாவது முறை.

மனுக்கள் வாங்கும் மேசையில் இருந்தாள். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். "தெரியுது சார்" என்றாள். மூன்று பேருந்து மாறி அரசுக் கல்லூரியில் பி.காம். படித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்ததை, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். ஆசைப்பட்டது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுடைய விண்ணப்பத்தில் இருந்ததென்று அவளைப் பார்த்ததும் எனக்கே ஞாபகம் வந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். கடைசியில் கண் நின்றது.

"மன்னிப்புக்குக் கூடவா சார் சீலு?"

பக்கத்து மேசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"ஒங்க பேரன் ஆட்டோவ நல்லா கழுவுனானா, நீங்க எழுதுனதுல?"

நன்றாகக் கழுவினான் என்றேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்தத் தாளு இன்னா ஆச்சு சார்? அது ஒரிஜினலு. ஜெராக்ஸ் எடுக்கல. அதுல போட்டவங்கள்ல நாலு பேரு இப்ப இல்ல" என்றாள்.

நான் எதற்கும் தயாராக வந்திருந்தேன், இதற்கு மட்டும் இல்லை. தேர்வாகாதவர்களின் தாள்களைப் பல்கலைக்கழகம் ஆண்டு முடிவில் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும். அந்த உத்தரவில் கையெழுத்தும் என்னுடையதுதான். அதையும் சொன்னேன்.

நான் கொடுத்த கடிதத்தை அவள் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். பிறகு என் கையிலிருந்த நகலை வாங்கி, ஓரத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் அலுவலக சீல் இருந்தது. என் கண் அதன்மேல் போனதைப் பார்த்துவிட்டாள்.

"அது ஆபீசு வேலைக்குத்தான் சார். சொந்த விஷயத்துக்குப் போடக் கூடாது. வாங்கிக்கினேன்னுதான் எழுதிகீறேன். மன்னிச்சிட்டேன்னு எழுதல. அந்தத் தாளுல எங்கம்மாவும் கைநாட்டு வச்சிது. அத்தக் கேட்டுட்டு சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. நான் மகன் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சன்னலுக்கு வெளியே கிஷோர் பூட்ஸில் பனியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் வருகிறான். அவள் எழுதித் தந்த காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓரமாக இருக்கும் அவள் கையெழுத்தில் சீல் இல்லை, ஆனாலும் நம்புகிறேன். மூலம் மதுராந்தகத்தில், அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இங்கே இருப்பது நகல்தான்.