மில்லுக்கு அனுப்பிய பிள்ளைகள்

கோவில்பட்டியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவுக்கு மின்சார வேலைப் பாடம் நடத்துகிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் நூல் மில்லோடு எங்கள் பள்ளிக்கு ஓர் ஏற்பாடு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அங்கே போய் மெயின்டனன்ஸ் பிரிவில் பயிற்சி எடுப்பார்கள். நன்றாகச் செய்கிறவர்களைப் படிப்பு முடிந்ததும் மில்லே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். இதற்காக மில்லுக்கு நடையாய் நடந்தவள் நான்தான்.

போன வருடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று அவர்களை மில்லுக்கே அழைத்துப் போனோம். கேன்டீனில் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். நான் எழுந்து பேசினேன். கையில் தொழில் இருந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம், இதை மட்டமான படிப்பாக நினைக்காதீர்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

பேசி முடித்ததும் ஒரு தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பசுவந்தனைக்காரர். பருத்தியில் களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் மகள்தான் என் வகுப்பில் முதல்.

“டீச்சர், ஒங்களுக்குப் பிள்ளைய உண்டா?”

“ஒரு பையன். பன்னெண்டாவது படிக்கான்.”

“ஒங்க கிளாஸ்லதானா?”

“இல்லம்மா. வேற ஸ்கூல்ல. சயின்ஸ் குரூப்.”

டாக்டர் படிப்புக்கான பயிற்சிக்கு அவனைத் தனியாக அனுப்புவதை நான் சொல்லவில்லை. அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை. “நல்லா படிக்கட்டும்” என்றார். பிறகு, “நீங்க சொல்லுதிய, நம்பி அனுப்புதேன் டீச்சர்” என்று எழுந்து போனார். என் மகனை என் வகுப்பில் சேர்க்கலாம் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பெண் மில்லில் பேர் வாங்கினாள். ஓடாமல் நின்ற மோட்டாரில் எங்கே கோளாறு என்று மீட்டரை வைத்துத் தானே கண்டுபிடித்தாளாம். மில் இன்ஜினியர் போன் போட்டு, “இந்தப் புள்ளைய எங்களுக்கே விட்டுருங்க டீச்சர்” என்றார்.

பரீட்சை முடிவு வந்த வாரம் தாயும் மகளும் பள்ளிக்கு வந்தார்கள்.

“மில்லுல ஒடனே வரச் சொல்லுதாவ. இவ பாலிடெக்னிக் போணுங்கா. நேரா ரெண்டாம் வருசத்துலயே சேத்துக்கிடுவாவளாமே. நீங்க சொல்லுங்க டீச்சர்.”

மில்லுக்குப் போ என்பதுதான் நான் சொல்ல வேண்டிய பதில். ஏற்பாடே அதற்குத்தான். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் கேன்டீனில் என் மகனைப் பற்றிச் சொல்லாமல் விட்டதுதான் நெஞ்சில் வந்து நின்றது. என் பிள்ளையாக இருந்தால் மேலே படிக்கத்தானே சொல்வேன்?

“பாலிடெக்னிக்லயே சேத்துருங்க” என்றேன்.

சேர்த்தார்கள். இப்போது நன்றாகப் படிக்கிறாள்.

சேதி தெரிந்து இன்ஜினியர் நேரில் வந்தார். கோபப்படவில்லை. “வேலைக்கு ஆள் வேணும்னுதான டீச்சர் சொல்லிக் குடுத்தோம். நீங்களே போகாதன்னா, நான் மொதலாளிகிட்ட என்னத்தச் சொல்ல?” என்று கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

இந்த வருடம் மில் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரைத்தான் பயிற்சிக்கு எடுத்தது. மற்றவர்களுக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடைகளில் இடம் பிடித்தேன். பையன்கள் போனார்கள். மூன்று பெண்களை மட்டும், கடையில் வேறு பெண்கள் யாரும் இல்லை என்று வீட்டில் விடவில்லை. அதில் ஒருத்திக்கு அப்பா இல்லை. படிப்பு முடிந்ததும் மில் வேலைக்குப் போவதாகத்தான் அவள் என் வகுப்பில் சேர்ந்தாள்.

பயிற்சி நாட்களில் அந்த மூவரும் பள்ளிக்கே வந்தார்கள். லேபில் உட்கார வைத்து, பழைய ஸ்விட்ச் போர்டையே திரும்பத் திரும்ப மாட்டச் சொன்னேன்.

“படிப்பு முடிஞ்சதும் மில்லுல எங்கள வேலைக்குக் கூப்புடுவாவளா டீச்சர்?” என்று கேட்டாள் அப்பா இல்லாத பெண்.

“கேட்டுப் பாக்குதேன்” என்றேன். இன்ஜினியரின் நம்பர் என் போனில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.