நல்லாக் கேக்குதா

எங்கள் வீட்டு முன்கதவின் நிலையில் ஒரு பெல் இருக்கிறது. வெள்ளைப் பொத்தான். அழுத்தினால் ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

காத்தான்குடியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கூடப்பிறந்த ஆண்கள் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பெண்சாதியின் வீட்டோடு போய்விடுவார்கள். என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், கத்தாரில் ஏழு வருடம் வயரிங் வேலை செய்து இந்த வீட்டை எழுப்பினார். சுவருக்குள் ஓடும் ஒவ்வொரு வயரும் அவர் கையால் இழுத்தது. பிறகு ஓட்டமாவடியில் மணமுடித்துப் போனார். கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவார். பின்பக்கத்துக் குசினிக் கதவால் நுழைந்து, அடுப்பிலிருக்கும் சட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இண்டைக்கும் பருப்பா?" என்பார். "வேணுமெண்டாத் தின்னுங்க, இல்லாட்டி உங்கட பொண்டாட்டிக்கிட்டப் போங்க" என்பேன். அதுதான் எங்கள் ஸலாம்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவரைக் கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளையாக வந்த வீட்டில் தனக்கும் ஒரு மறைவு வேண்டும் என்று நினைத்தது ஞாயம்தான். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் நானாகவே விளங்கிக்கொண்டு காக்காவிடம் பக்குவமாகப் பேசியிருக்கலாம். ஒருநாள் பகல் சோற்றுக்கு இருக்கும்போது அவர், "மச்சான், முன்னுக்கு ஒரு பெல் பூட்டித் தாங்களேன். ஆக்கள் கேக்காமக் கொள்ளாம உள்ளுக்கு வாறாங்க" என்றார். காக்கா என் முகத்தைப் பார்த்தார். உங்களைச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குனிந்து சோறு போட்டேன்.

அடுத்த கிழமையே பூட்டித் தந்தார். வெளியே நின்று அழுத்திவிட்டு, "நல்லாக் கேக்குதா தங்கச்சி?" என்றார். "கேக்குது காக்கா" என்றேன்.

அதன் பிறகு அவர் குசினிப் பக்கம் வரவேயில்லை. பெல் அடிப்பார், கதிரை நுனியில் இருப்பார், தேத்தண்ணி குடிப்பார், "அப்ப நான் வாறன்" என்று எழும்பிவிடுவார். சட்டியில் என்னவென்று கேட்பதில்லை. இப்போதுதான் மச்சான் மரியாதையாக நடக்கிறார் என்று என் கணவருக்குச் சந்தோஷம். அந்த மரியாதையில் இடி விழ. உறவுக்குள் எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வாய் திறந்து சொல்ல வேண்டியவள் நான். நான் பேசாமல் இருந்ததால், என் மனதிலும் அதுதான் இருக்கிறது என்று காக்கா எடுத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு பகல் கரண்ட் இல்லை. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. பின்னேரம் பக்கத்து வீட்டு ராத்தா வந்து, "உங்கட காக்கா பையோட வாசல்ல கனநேரம் நிண்டுட்டுப் போனாரே, என்ன, கோவமா?" என்று கேட்டார். உடனே போன் எடுத்தேன்.

"பெல்ல அடிச்சுப் பார்த்தன், ஆரும் வரல்ல. நீங்க ரெண்டு பேரும் வீட்ட இல்லையாக்கும் எண்டு திரும்பிட்டன்" என்றார்.

பின்னால் வந்திருக்கலாமே என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். "கரண்ட் இல்ல காக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுகிழமை புது பெல்லோடு வந்தார். பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார். "இது பற்றரியில வேலை செய்யிறது. கரண்ட் போனாலும் அடிக்கும்" என்றார். என்னை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு, தான் வெளியே போய்க் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார். வீடு முழுக்கச் சத்தம்.

"நல்லாக் கேக்குதா தங்கச்சி?"

குசினிக் கதவு அப்போதும் திறந்துதான் கிடந்தது.

"கேக்குது காக்கா" என்றேன்.