ஆசிட் வைக்கோலும் முயல் காலும்

எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோருக்கு, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் ஜாடிகள் வைக்கோல் சுற்றி வரும். மகளுடைய முயல் கூண்டைத் தினமும் கழுவி எனக்கு அலுத்துவிட்டது. சும்மா கிடந்த அந்த வைக்கோலைக் கொண்டுவந்து தடிமனாகப் போட்டேன். ஒரு வாரம் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், "அப்பா, அது காலைத் தூக்கித் தூக்கி வைக்குது," என்றாள் மகள்.

"கொழுப்பு, வேறென்ன?" என்றேன்.

என் மனைவி ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். "ஆசிட் வாடை அடிக்குது. நீங்க கையில சாக்கு சுத்திக்கிட்டுத்தானே ஜாடியைத் தொடுறீங்க? முயல் கால்ல எதைச் சுத்திக்கும்?"

ஜாடி கசிந்திருக்கிறது. முயலின் பாதம் நாலும் வெந்து சிவந்திருந்தன. பாதத்தையும் கூண்டையும் கழுவிவிட்டு, காய்ந்த லாலாங் புல்லைப் போட்டேன். இப்போது தினமும் மாற்றுகிறேன்.

புண் ஆறிவிட்டது. ஆனாலும் என் கை உள்ளே போனால் முயல் மூலைக்கு ஓடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.