இருநூற்று நாற்பது இறாலும் ஆறு தோணியும்

நாற்பது இறாலை அளந்துவிட்டு நாற்பது சாட்சி இருக்கிறது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நாற்பதும் ஒரே தோணியில், ஒரே மனிதரின் வலையில் வந்தவை என்றால் இருப்பது ஒரு சாட்சிதான். அந்த ஒருவரையே நாற்பது தரம் பேச விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

யுத்த காலம். படிப்பை முடித்துவிட்டு மட்டக்களப்பில் ஓர் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். வாவியின் இரண்டு கரைகளிலும் இறால் ஒரே அளவில் வளர்கிறதா என்பது கேள்வி. கிழக்கே எழுவான்கரையில் மூன்று தோணி, மேற்கே படுவான்கரையில் மூன்று தோணி, தோணிக்கு நாற்பது இறால். அளக்கிற வேலை என்னுடையது. ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் ஒருநாளும் சேற்றில் கால் வைத்தவரல்ல.

படுவான்கரைக்குப் போவதென்றால் இராணுவச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். போராளிகளின் கைக்குப் போய்விடும் என்று அந்தக் கரைக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. என் கல்குலேற்றருக்குள்ளும் பற்றரி இருந்ததால் அதைச் சாவடியில் கொடுத்துவிட்டு அளக்க அடிமட்டமும் எழுதக் கொப்பியுமாகப் போவேன். ஒரு கல்குலேற்றரால் எந்த நாட்டைப் பிடிக்கலாம் என்று கேட்க வாய் துடிக்கும். கேட்டதில்லை.

அங்கே மூன்றாவது தோணிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நான் வரும் நாளில், பிடித்ததை வியாபாரியிடம் கொடுக்காமல் ஈரச்சாக்குப் போட்டு மூடிவைத்துக் காத்திருப்பார். "ஆறுதலா, அவசரமில்லாம அளங்க தங்கச்சி. வெயிலுக்க நிக்காம இஞ்சால வாங்க" என்பார். ஆறு தோணியிலும் அவருடைய இறால்தான் சிறியது.

அறிக்கையின் பிரதி என் கைக்கு வந்தது. பேராசிரியர் இருநூற்று நாற்பது இறாலையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணி, கரையோடு கரையை ஒப்பிட்டு, வித்தியாசம் உறுதி என்று எழுதியிருந்தார். காரணத்தையும் அவரே கண்டுபிடித்திருந்தார். படுவான்கரையார் சிறுகண் வீச்சுவலையால் வாவியை அரித்தெடுக்கிறார்களாம். ஆகவே அந்தக் கரையில் வீச்சுவலையைத் தடைசெய்ய வேண்டுமாம்.

இரண்டு நாள் இருந்து நான் கணக்கைத் திருப்பிச் செய்தேன். அடுக்கு முறை மாறற்றிறன் பகுப்பாய்வு என்று படித்திருக்கிறோம். பெயர்தான் பயங்கரம், விஷயம் எளிது. இறால் தோணிக்குள் அடக்கம், தோணி கரைக்குள் அடக்கம். ஒரே கரையில் தோணிக்குத் தோணி எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கரைக்குக் கரை உள்ள வித்தியாசம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் கரையைப் பற்றிப் பேசலாம். என் கணக்கில் அது பெரிதாக இல்லை. மூன்றாவது தோணி ஒன்றே படுவான்கரையின் சராசரியைக் கீழே இழுத்திருந்தது.

தாளைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். எனக்குப் பழக்கமில்லாத இருவர் அறையில் இருந்தார்கள்.

"இருநூத்தி நாப்பது அளவு இரிக்கி. இதுக்கு மேல என்ன வேணும் பிள்ளை?"

"சேர், நம்மளுக்கிட்ட இரிக்கிறது ஆறு தோணிதான்."

"ஒரே கரையில, ஒரே தண்ணியில, தோணிக்குத் தோணி ஏன் மாறணும்? காரணத்தச் சொல்லுங்க, அறிக்கைய மாத்துறன்."

காரணம் எனக்குத் தெரியும். மூன்றாவது தோணிக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவருடைய துறைக்குப் பக்கத்தில் இராணுவ முகாம். விடிந்ததிலிருந்து மதியம் வரை, 'சென்றி' என்று அவர் சொல்லும் காவலரணின் பார்வைக்குள், முழங்கால் தண்ணீரில் மட்டும் அவர் வலை வீசலாம். பெரிய இறால் ஆழத்தில், இருட்டில் திரிவது. பெரிய இறாலைத் தடுத்தது முகாம், பழியைச் சுமந்தது வலை.

நான் அதைச் சொல்லவில்லை. அறையில் இருந்த இருவரையும் பார்த்தேன். எந்தச் சொல் எந்தக் காதுக்குப் போகும் என்று தெரியாத நாட்கள். கணக்கு தன்னாலேயே பேசிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, "தெரியாது சேர்" என்றேன். அவர் என் தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அறிக்கை ஓர் எழுத்தும் மாறாமல் போனது.

தடை வந்தது. அதிகாரிகள் ஒரு தேசத்தையே காக்கிறவர்கள் போல வந்து துறையில் வலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். செய்தி கேட்டதும் வெட்கத்தோடும் ஆத்திரத்தோடும் படுவான்கரைக்குப் போனேன். மூன்றாவது தோணிக்காரர் கவிழ்த்துப் போட்ட தோணியின்மேல் வெறுங்கையோடு இருந்தார்.

"தங்கச்சி, என்ட றாலையும் சேத்துத்தானா எழுதின?"

"ஓம் அண்ணன். நான் வேற மாதிரித்தான் கணக்குச் செஞ்ச. பேராசிரியர் கேக்கல்ல."

"கணக்கு எனக்கு விளங்காது. அந்த ஆமிச் சென்றிக் கதையச் சொன்னேனே, அத எழுதினீங்களா?"

பேராசிரியரைத் திட்டுவதற்கு என்னிடம் எத்தனையோ சொல் இருந்தது. ஆனால் இந்தக் கேள்வி என்னைப் பற்றியது.

"இல்ல அண்ணன். பயத்தில எழுதல்ல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"எனக்கும் பயம்தான் தங்கச்சி," என்றார். "ஆனா நான் சொன்னேன்."