அண்ணனின் டிப்பர் வந்த ஞாயிறு

விடுமுறை நாள் என்றாலே எனக்குப் பதற்றம்தான். அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும், ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இருக்காது. அது தெரிந்துதான் லாரிக்காரர்கள் அன்றைக்கு மண் கொண்டுவருவார்கள்.

வெள்ளாயணிக் காயலின் கரையில் எங்கள் வீடு. உப்பில்லாத காயல் அது. அதன் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் எங்கள் பக்கம் குழாயில் விடுகிறார்கள். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எங்காவது டிப்பர் லாரி உறுமினால் மிதியில் கால் நின்றுவிடும். அது நேரே போகிறதா, எங்கள் இறக்கத்தில் திரும்புகிறதா என்று தெரியாமல் அடுத்த தையல் ஓடாது.

"ஒனக்கு பிராந்து பிடிக்கப் போவுது, பாத்துக்கோ" என்று என்னைப் பைத்தியக்காரி ஆக்குவார் என் வீட்டுக்காரர்.

மேலே குன்றில் பெய்யும் மழையெல்லாம் எங்கள் தெருவை ஒட்டிய ஓடை வழியாகத்தான் காயலுக்குப் போய்ச் சேரும். தோடு என்போம் அதை. தோட்டின் இருபுறமும் இருந்த வயலை ஒருவர் வாங்கி, வீடு கட்டி விற்பதற்காக மண்ணடித்து மேடாக்கினார். வயலோடு தோடும் மூடிக்கொண்டே வந்தது. அந்த மழைக்காலத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் ஏறியது. கிணறுகள் செம்மண் கலங்கலாயின. காயலோ தண்ணீர் வந்து சேராமல் கரையில் சேறு தெரியக் கிடந்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சிதான் முதலில் கொதித்தெழுந்தார். காயலில் தாமரை வளர்த்துக் கிழக்கேகோட்டைப் பூக்கடைகளுக்குக் கொடுப்பவர். மலையாளி. என்னோடு பேசும்போது மட்டும் பாதித் தமிழுக்கு மாறிக்கொள்வார். இருவருமாகப் புகார் மனுவோடு வீடு வீடாக ஏறினோம். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். கிராம அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மெமோ கொடுத்தார்கள். வார நாட்களில் லாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது.

அன்று சர்ச்சில் ஆராதனைக்குப் புறப்பட்டுச் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் லாரி திரும்பும் சத்தம். பின்னாலேயே சேச்சியின் குரல். செருப்பைத் தேடக்கூட நிற்காமல் ஓடினேன்.

சேச்சி முழங்கால் தண்ணீரில், தோட்டின் நடுவில் நின்றிருந்தார். மண் கொட்டுவதற்காக லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. நானும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். கூச்சல் கேட்டு லாரி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

என் அண்ணன்.

களியக்காவிளையில் இருக்கிறான். சொந்த டிப்பரில் மண்ணடிக்கிறான் என்பது தெரியும். அது இந்தத் தோட்டுக்கு வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் முகமும் வெளிறிப்போனது.

"ஏட்டி, நீ எதுக்கு இதுல நிக்க? கரைக்குக் கேறி வா."

"கொட்டாத அண்ணே. இதுவழிதான் காயலுக்கு மழவெள்ளம் போவுது."

"நான் கொட்டலேன்னா வேற ஒருத்தன் கொண்டுவந்து கொட்டுவான்."

"அவன் வந்தா அவனுக்க வண்டிக்குப் பின்னாலயும் நிப்பேன். இப்ப வந்திருக்கது நீதானே."

எங்கள் பேச்சை வைத்துச் சேச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சொந்தம் ஆங்ஙளயா?" என்றார். ஆமாம், கூடப்பிறந்தவன்தான் என்றேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கதவை அறைந்து சாத்தினான். லாரியின் தொட்டி மெல்ல மேலே எழும்பியது. பயமுறுத்துகிறான் என்றுதான் நினைத்தேன். விளிம்பிலிருந்து ஒரு கல் உருண்டு எனக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது. சேலையெல்லாம் சேறு. கேறிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. அதற்குள் தெருவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர், இருவர், பிறகு கையெழுத்துப் போடாமல் உள்ளே போனவர்களும்.

தொட்டி இறங்கியது. ஏற்றிவந்த மண்ணோடு லாரி மேடேறிப் போனது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். தோட்டிலிருந்த மண்ணை நில உடைமையாளரே அள்ள வேண்டும் என்றார்கள். பாதி அள்ளினார். அந்தப் பாதி வழியிலேயே அடுத்த மழை காயலுக்கு இறங்கியது. தெருவில் தண்ணீர் ஏறவில்லை. சேச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தோடு காயலில் விழும் இடத்தைக் காட்டினார். இருவரும் குடை பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

அண்ணன் பல மாதம் என்னோடு பேசவில்லை. மதினிதான் போனில், "ஒன் பேச்சை எடுத்தாலே அவிய எந்திச்சுப் போயிருவாவ" என்றாள். கிறிஸ்துமஸுக்கு வந்தான், கேக்கோடு. சாப்பிட்டான், பிள்ளைகளோடு விளையாடினான். தோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்றபடி கேட்டான்:

"வெள்ளம் ஒழுங்கா போவுதா?"

"போவுது."

தலையாட்டினான். காயலின் மறுகரையில் மண்ணடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று முந்தின நாள்தான் சேச்சி சொல்லியிருந்தார்.

"அண்ணே, அக்கரையில அடிக்கது நீயா?"

அவன் வாசற்படி இறங்கினான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இரவெல்லாம் புரண்டு படுத்தேன். விடிந்ததும் சேச்சியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஏற்கெனவே புறப்பட்டு, குடையைக் கையில் எடுத்திருந்தார். இருவரும் அக்கரைக்குப் போகும் முதல் பஸ்ஸுக்கு நடந்தோம்.