வெட்டுக்கிளியின் முழங்கால்

சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த செல்லபாய்க்கு லேஸ் பின்னும் கை. அவள் புருஷன் தாசையன் பொன்முடித் தோட்டத்துத் துரைக்கு எடுபிடி. துரை ஆற்றில் மீன் பிடிக்கப் போனால் தூண்டில்கோலைச் சுமப்பவன். மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டும், சீமையில் செய்த இறகுப் பூச்சி ஒன்றை ஒருநாள் கொண்டுவந்தான். "இது மாதிரி கட்ட முடியுமா, செல்லம்?"

அவள் கட்டியது அதைவிட உசத்தி. காட்டுக்கோழி வால் இறகில் மூன்று இழைகளைச் சேர்த்து, எச்சில் தொட்டு, ஊசிமுனையால் நடுவில் ஒரு முடிச்சு. இறுக்கினால் இழை மடங்கி வெட்டுக்கிளியின் முழங்காலாகிவிடும். அதைத் தூண்டில்முள்ளில் வைத்துக் கட்டியதும், தொடவந்தவர்கள் உயிருள்ளதென்று கையை இழுத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆடியில் தாசையனை வெள்ளம் கொண்டுபோயிற்று. துரை வீசி எதிர்ப்பாறையில் சிக்கிய, அவள் கட்டிய பூச்சியை எடுக்க இறங்கினானாம். மறுநாள் கரையேற்றியபோது அது அவன் சட்டைக்கையில் குத்தியிருந்தது, ஆறு காலும் கலையாமல்.

"துரைதான் இறக்கிவிட்டிருக்கான், பாவி" என்றாள் செல்லபாய். கேட்பதற்குள் துரை கப்பலேறிவிட்டான். அந்த வெறுப்பில்தான் எழுந்து நடமாடினாள். பிறகு, பூச்சி கட்ட இறகு சேர்த்துவைத்திருந்த டப்பாவுக்குள் எதுவோ பிறாண்டத் தொடங்கியது. பட்டப்பகலில், உலை கொதிக்கும்போது கேட்கும். திறந்தால் வெறும் இறகு. தங்கை ராகேல் காதை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலியே அக்கா. தூர எறி."

எறியவில்லை. ஒரு வருஷம் பொறுத்து டப்பாவோடு பொன்முடிக்குப் பஸ் ஏறினாள். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் ஆற்றோரத்து லயத்தில் முத்தாரம்மாள் என்ற கொழுந்து பறிக்கிறவளைக் கண்டுபிடித்தாள். வெள்ளத்தன்று கரையில் நின்றவள் அவள்.

"துரை 'விடு, விடு'ன்னு கத்தினாரு அக்கா. ஒங்க வீட்டுக்காரருதான் கேக்கல. 'எம் பெண்டாட்டி ரெண்டு நாளா கண்ணு நோகக் கட்டினது'ன்னு சிரிச்சுக்கிட்டே இறங்கினாரு."

செல்லபாய் ஆற்றங்கரைக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்தாள். இறகுகள் சுழன்று போவதைக் கடைசிவரை பார்த்தாள்.

ஊர் திரும்பவில்லை. லயத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கினாள். மழைக்காலத்தில் ஆற்றில் கால் வைப்பவர்களைக் கத்திக் கரையேற்றுவாள். அப்படி இரண்டு பெண்கள் பிழைத்தார்கள்.

ஆற்றில் ஆளே இல்லாத நாளிலும் அவள் குரல் கேட்கும் என்பாள் முத்தாரம்மாள். "விடுங்க, போனா போகுது. நான் வேற கட்டித் தாரேன்."