நான் ஜேர்மனியில் இருந்த காலம்

வெள்ளவத்தையில் காலி வீதியில் என்னை மறித்த பொலிஸ்காரர் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழனை மறித்தால் முதலில் அடையாள அட்டை, பிறகு தங்கியிருக்கிற விலாசத்துக்கான பொலிஸ் பதிவு, பிறகு சொந்த ஊர் எது, இங்கே என்ன வேலை என்று கேள்விகள் ஓர் ஒழுங்கில் வரும். பதில்களை நாங்களும் அதே ஒழுங்கில் நாக்கில் அடுக்கி வைத்திருப்போம். என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"லைசென்ஸ்," என்றார்.

லொறி ஒன்றை முந்தும்போது வெள்ளைக் கோட்டைக் கடந்துவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். கடந்தது உண்மைதான். இவ்வளவுதானா என்று எனக்குள் ஒரு ஆறுதல். களவு வாகனங்களைத் தேடிக்கொண்டிருந்த வாரம் அது. மறித்தவர்களின் லைசென்ஸ் இலக்கத்தையெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்லிச் சரிபார்த்தார்கள். என்னுடையதையும் சொன்னார். பதில் வந்ததும் காரின் சாவியைக் கேட்டார்.

"ஸ்டேஷனுக்குப் போவோம், மாத்தயா," என்றார், ஐயா போடுகிற மரியாதையோடு.

நான் ஒரு மருந்துக் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதி. கார் கம்பனியுடையது. பின் சீற்றில் இருமல் மருந்து மாதிரிப் போத்தல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைக் கண்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறாராக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு போத்தலிலும் என்ன இருக்கிறது என்று வழி முழுக்க விளக்கிக்கொண்டு போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷனில் ஒரு சார்ஜன்ட் என்னை வாங்கில் இருக்கச் சொன்னார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"உங்கட லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டிருக்கு. தெரியுமா?"

எனக்குச் சிங்களம் கதைக்க வரும், ஆனால் இடைநிறுத்தத்துக்கு அவர் சொன்ன சிங்களச் சொல் தெரியாது. தடுத்து வைக்கப் போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஒரு வருடம் என்றார்.  நான் வெளிறியதைக் கண்டு அவர் லைசென்ஸைத் தூக்கிக் காட்டி, "உங்களை இல்லை, இதை," என்றார்.

அதற்குள் செய்தி எங்கள் வீட்டு ஒழுங்கைக்குப் போய்விட்டது. பொலிஸ்காரர் என் காரை ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து போனதைச் சந்திக் கடைக்காரர் கண்டிருக்கிறார். அரை மணித்தியாலத்தில் மனைவியும் அவளுடைய அண்ணனும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மனைவியின் கையில் ஒரு பை. அதற்குள் பொலிஸ் பதிவுத் துண்டு, கம்பனிக் கடிதம், என் பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு. அடியில் ஒரு சாரமும் துவாயும் பற்பசையும். என்னை எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தே வந்திருக்கிறாள்.

மச்சானுக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. நல்ல சிங்களம். "நீர் ஒண்டும் கதையாதையும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சார்ஜன்ட் ஒவ்வொன்றாகத் திருப்பித் தள்ளினார்.

"இதெல்லாம் வேண்டாம், மாத்தயா. இது ட்ரபிக் விஷயம்."

மச்சான் நம்பவில்லை. எங்கள் மூவரில் ஒருவரும் நம்பவில்லை. மனைவி என் காதுக்குள், "உண்மையா என்னத்துக்குப் பிடிச்சவை?" என்று கேட்டாள். கோடு கடந்ததுக்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளிடமும் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

சார்ஜன்ட் தொலைபேசியில் யாருடனோ நீண்ட நேரம் கதைத்தார். வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

"எப்ப திரும்பி வந்தீங்க?"

"எங்கேயிருந்து?"

"ஜேர்மனியிலிருந்து."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஜேர்மனிக்குப் போனதில்லை என்றேன். பாஸ்போட்டைக் காட்டச் சொன்னார். என்னிடம் பாஸ்போட் இல்லை, எடுத்ததே இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்பது உறைத்தது. பாஸ்போட் இல்லாமல் ஜேர்மனிக்குப் போய், பாஸ்போட் இல்லாமல் திரும்பி வந்த ஒரு யாழ்ப்பாணத்தான். ட்ரபிக் விஷயம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் பேனையை மூடி வைத்துவிட்டு உள்ளே எழுந்து போனார். மனைவி பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி வந்தார். தூக்கம் போதாத கண்கள். மேசையில் கிடந்த பதிவுத் துண்டை அவராகவே எடுத்துப் பார்த்தார். அது அந்த ஸ்டேஷனிலேயே பதிந்தது.

"இவர் வெள்ளவத்தையில இருக்கிறார் எண்டு உங்கட முத்திரைதானே சேர் சொல்லுது," என்றார் மச்சான்.

"அது அது, இது இது," என்றார் சார்ஜன்ட்.

பொறுப்பதிகாரி சிறிது யோசித்தார். "ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவன் திரும்பி வந்து இங்கே பதிவு செய்வானா?" என்று சார்ஜன்டிடம் கேட்டார்.  மச்சான் பிணை நிற்க, நீதிமன்றத் திகதி ஒன்றைத் தந்து என்னைப் போகவிட்டார்கள். கார் அங்கேயே நின்றது.

மச்சான் பிடித்துத் தந்த சட்டத்தரணி விசாரித்துச் சொன்ன பிறகுதான் கதையின் பாதி பிடிபட்டது. கலியாணத்துக்கு முன் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அப்போது ஒரு நாள் என் கார் கைவண்டி ஒன்றில் தட்டியது. வெங்காய மூட்டைகள் தெருவெல்லாம் உருண்டன. வண்டி தள்ளியவருக்குக் கால் பிசகிவிட்டது. நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தேன். வழக்கென்று வந்தால் அறிவிப்போம் என்றார்கள். ஒன்றும் வரவில்லை. நானும் கலியாணம் செய்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். ஆனால் பிந்தி வழக்கு வந்திருக்கிறது. அழைப்பாணையோடு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு ஆளும் போயிருக்கிறார். எதிரி, அதாவது நான், ஜேர்மனிக்குப் போய்விட்டார் என்று பதில் கிடைத்திருக்கிறது. நான் இல்லாமலே வழக்கை விசாரித்து லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அறிவிக்கவில்லை. ஜேர்மனியில் இருக்கிற ஆளுக்கு எங்கே அறிவிப்பது?

"ஆர் அப்பிடிச் சொன்னது?" என்று சட்டத்தரணி கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில், அந்த வீட்டில் கதவைத் திறக்கிறவர் ஒருவர்தான்.

அவர்தான் வீட்டின் சொந்தக்காரி. நாங்கள் எல்லோரும் அன்ரி என்று கூப்பிடுவோம். கணவரை இழந்தவர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். நான் அங்கிருந்து போன பிறகும் நத்தார்ப் பண்டிகை தவறாமல் போய்ப் பார்த்து வருவேன். பிறகு ஒரு தடவை தொலைபேசியில், "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன பிழை செய்தேன் என்று தெரியவில்லை. மனம் நொந்து, அதோடு போவதை விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டார்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"ஏன் அன்ரி?"

"எப்ப தம்பி வந்தீங்க? எப்பிடி விட்டாங்க?"

அவருக்கும் நான் ஜேர்மனியிலிருந்துதான் வந்திருக்கிறேனோ என்று ஒரு நிமிடம் தலை சுற்றியது. நான் எங்கும் போகவில்லை, வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன் என்றேன். அது தனக்குத் தெரியும் என்றார். பொலிஸ் பிடித்து எப்படி விட்டார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. ஓட்டோக்காரர் ஒருவர் மூலம் செய்தி கொட்டாஞ்சேனைவரை வந்திருந்தது.

கோப்பி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான் சொன்னேன். ஒங்கள தேடி வந்தாங்க. பேரு சொல்லி, இங்க இருக்காரான்னு கேட்டாங்க. அக்கா மகன் ஜேர்மனிலதானே, அதான் வாயில வந்திச்சு. போன்ல சொல்ல முடியுமா? யாரு கேக்குறாங்கன்னு தெரியாதே. அதான் வராதீங்கன்னு மட்டும் சொன்னேன். செவ்வா தவறாம கொச்சிக்கட அந்தோனியார்கிட்ட ஒங்களுக்கு மெழுகுதிரி ஏத்துறேன்."

இரண்டு வருடமாக எனக்கு மெழுகுதிரி எரிந்திருக்கிறது. நான் அவரோடு கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அது கைவண்டி விஷயம் அன்ரி, வெறும் ட்ரபிக் வழக்கு என்றேன். அவர் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, எனக்கு முன்னால் அதே அறையில் மன்னார்ப் பக்கத்துக் கந்தோர்க் கிளாக் ஒருவர் இருந்ததைச் சொன்னார். எனக்குத் தெரியாத கதை. ஒரு நாள் காலை இரண்டு பேர் வந்து மரியாதையாக, அவர் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். "மேலதான் இருக்காருன்னு நானே கூப்பிட்டுக் குடுத்தேன். சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே எறங்கி வந்தாரு." கொண்டுபோனவர்கள் எட்டு மாதம் கழித்துத்தான் விட்டார்களாம். சாமான்களை எடுக்க வந்தபோது அவர் அன்ரியோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

நான் போய் இதைச் சொன்னதும் சட்டத்தரணி தெளிவாகச் சொன்னார்: யார் சொன்னதென்று எங்களுக்குத் தெரியாது, ஏதோ தவறான தகவல். அவ்வளவோடு நிற்போம். பொலிஸுக்குப் பொய் சொன்னார் என்று வந்தால் அந்த அம்மாவுக்குத்தான் கரைச்சல். நானும் சம்மதித்தேன். அன்ரியிடம், நீங்கள் வரவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

வழக்கு நாளில் வந்திருந்தார். பூசைக்குப் போகிற சேலையோடு பின் வாங்கில் இருந்தார். சட்டத்தரணி எங்கள் பக்கத்தைச் சொல்லி முடித்ததும், "எதிரி வெளிநாடு போனதாகத் தகவல் கொடுத்தது யார்?" என்று நீதவான் கேட்டார். தெரியவில்லை என்று சட்டத்தரணி சொல்ல வாயெடுக்கும்போது, பின்னால் அன்ரி எழுந்துவிட்டார்.

"நான்தான் சேர்."

சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார். அன்ரியை முன்னால் வரச் சொன்னார்கள். நல்ல கொழும்புச் சிங்களத்தில், தடங்கல் இல்லாமல் பதில் சொன்னார்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"தேடி வந்தாங்க சேர். பயந்துட்டேன்."

"வந்தவர் இது வீதி விபத்து வழக்கு என்று சொல்லவில்லையா?"

"சொன்னார் சேர்."

"பிறகு?"

"நான் நம்பல."

அதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். குற்றம் செய்தவரின் முகம் அல்ல, பெருமைப்படுகிறவரின் முகமும் அல்ல. நீதிமன்றத்தில் யாரோ மெதுவாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். என்னை மறித்த பொலிஸ்காரரும் சாட்சிக்காக வந்து ஓரமாக நின்றார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  இனி இப்படிச் சொல்லக்கூடாது என்று நீதவான் எச்சரித்து, போய் இருக்கச் சொன்னார்.

அறிவிக்கப்படாத தடையை மீறினேன் என்ற குற்றச்சாட்டிலிருந்து என்னை விடுவித்தார்கள். ஆனால் கைவண்டி வழக்கின் தடை நின்றது. எனக்கு அறிவித்த நாளிலிருந்துதான் அந்த ஒரு வருடம் என்றார் நீதவான். முறைப்படி அறிவித்தது அன்று, அந்த நீதிமன்றத்தில்தான். கம்பனி என்னைக் களஞ்சிய வேலைக்கு மாற்றியது. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய், சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறினேன். பல இரவுகள் நித்திரை வராமல் இதையே யோசித்தேன். அழைப்பாணை கொண்டுவந்தவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அன்ரி என்னைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார். சார்ஜன்ட் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. யாரோடு கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்டேன். "உங்களுக்குக் கோபம் வேணுமெண்டா என்னோட கோபியுங்கோ," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

லைசென்ஸ் திரும்பி வந்து சில மாதங்கள் கழித்து அன்ரியிடமிருந்து தொலைபேசி வந்தது. மேல் அறையில் புதிதாக ஒருவர் இருக்கிறார், வவுனியாப் பக்கம். இன்று பொலிஸிலிருந்து வந்து கேட்டார்கள், அவர் வேலைக்குப் போயிருந்தார், நாளைக்குக் காலை திரும்ப வருவார்களாம் என்றார்.

"என்னத்துக்காம்?"

"சைக்கிள் களவு போனதுக்கு இவரு முறைப்பாடு குடுத்திருக்காராம். சைக்கிள் கெடச்சிருக்காம். அப்பிடின்னு சொல்றாங்க."

"அவர் சைக்கிளைத் துலைச்சவரோ?"

"துலைச்சாரு. அது உண்மதான். இப்ப நான் என்ன தம்பி சொல்லணும்? இருக்காருன்னா, இல்லன்னா?"

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.  அவரிடமே கேளுங்கோ அன்ரி, அந்தத் தம்பியிடமே கேளுங்கோ என்றேன்.

"கேட்டேன்," என்றார். "அவரும் தெரியலங்குறாரு."